அழைப்புமணியில் ஆவுடையப்பன்

குற்றாலிங்கம். லிங்கம் முழுதாக வரவேண்டும் சார். மெதுவாக அடியுங்கள், அவசரமில்லை. அடித்துவிட்டு ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டுங்கள். எதிரே விசா மையத்து வாசலில் நிற்கிற காவலாளிதான் உங்கள் கடையைச் சொன்னார். ஜெர்மனி படிவமெல்லாம் தப்பில்லாமல் போடுகிற ஆள் நீங்கள்தானாம். தப்பில்லாமல் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஊர் கடையநல்லூர். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். அதை அவர்கள் பாஷையில் எப்படிப் போடுவீர்களோ போட்டுக்கொள்ளுங்கள், தொழில் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதமும் கிடையாது. பெயரில்தான் கண்டிப்பு. ஏன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

எட்டு வருடம் ஆகிறது. என் பிள்ளைக்குக் காதுகுத்து. ஒரே பிள்ளை, நிறைமதி. என் பெண்டாட்டி செண்பகவல்லியும் வீட்டுக்கு ஒரே பெண். தாய்மாமன் என்று மடியில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அவள் அப்பாவே முன்னால் நின்று எல்லாம் செய்தார். ஆவுடையப்பன் என்று பெயர். அம்பாசமுத்திரம். மண்டபம் பிடித்தது அவர், பத்திரிகை அடித்தது அவர். பத்திரிகையில் பிள்ளையின் தகப்பன் பெயர் என்ன போட்டிருந்தது தெரியுமா?

திரு. குற்றாலம்.

பெயரில் இருந்த லிங்கத்தைக் காணோம். சாமியை எடுத்துவிட்டு அருவியை மட்டும் வைத்திருக்கிறார். முந்நூறு பத்திரிகை. எங்கள் சொந்தம் முழுக்கப் போயாயிற்று. மண்டபத்தில் என்னைப் பார்க்கிறவனெல்லாம் “என்ன மாப்ளே, தண்ணி விழுதா?” என்கிறான். “மெயினருவியா ஐந்தருவியா?” என்கிறான் ஒருத்தன். என் சித்தப்பா மருமகன் ஒருத்தன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்து தலையைக் காட்டினான். குளிக்கிறானாம். பந்தி முழுக்கச் சிரிப்பு. பிள்ளை காது வலியில் அழுகிறாள், அந்தச் சத்தமே கேட்கவில்லை. இன்றைக்கும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் “குற்றாலம் அண்ணாச்சி இருக்காகளா?” என்றுதான் கேட்கிறான். என் கடைப் பலகையில் ஒன்று இருக்கிறது, ஊர் வாயில் ஒன்று இருக்கிறது.

பிரஸ்காரன் தப்பு என்கிறீர்கள். அவரும் அதைத்தான் சொன்னார். “பிரஸ்காரன் பண்ணின தப்பு மாப்ளே, நான் புரூப் பாக்காம விட்டுட்டேன், மன்னிச்சிருங்க” என்றார். மிச்சம் இருந்த நூறு பத்திரிகையில் உட்கார்ந்து பேனாவால் திருத்தினாராம். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பேனாவால் எழுதினால் அது அச்சாகுமா சார்? அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அவர் முப்பத்தாறு வருடம் தமிழ் வாத்தியார். ஒற்றுப்பிழைக்கு முட்டி போட வைத்த மனிதர். அவர் கண்ணுக்கு லிங்கம் போனது தெரியாமல் போகுமா? எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் வைக்காத தெரு கிடையாது. தெரியாமல் செய்தார் என்று என் பெண்டாட்டி சொல்லுவாள், அவள் அம்மா, என் அத்தை, சொல்லுவாள். நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து என்ன கேட்கிறது? மனைவியின் குடும்பப் பெயர். அந்தக் கட்டத்தை அப்படியே விடுங்கள் சார். கடைசியில் வருவோம். முதலில் மற்றதைப் போடுங்கள்.

அவள் நர்ஸ். ஜெர்மனியில் காஸல் என்று ஒரு ஊர், அங்கே ஆஸ்பத்திரி வேலை. போய் இரண்டரை வருடமாகிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் வந்து பிள்ளையையும் கூட்டிப்போனாள். அப்போதே மூன்று பேரும் சேர்ந்து போயிருக்க வேண்டியது. பாஷைத் தேர்வில் எனக்கு நாற்பத்தெட்டு மார்க். அறுபது வேண்டும். அப்புறம் திருநெல்வேலிக்கு வாரம் மூன்று நாள் பஸ்ஸில் போய்ப் படித்து அறுபத்தொன்று வாங்கினேன். அந்தச் சான்றிதழ்தான் அந்த நீலக் கவரில் இருக்கிறது. கசங்காமல் எடுங்கள்.

அவள் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, புதுப்பித்தபோதும் பெயரை மாற்றவில்லை. செண்பகவல்லி, பக்கத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஆவுடையப்பன். நம் ஊரில் அது ஒரு இனிஷியல். ஒரு எழுத்து, ஒரு புள்ளி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே போனதும் இனிஷியல் ஆளாக எழுந்து நின்றுவிட்டது சார். அவர்களுக்குக் குடும்பப் பெயர்தான் பெயர். செண்பகவல்லி யாருக்கும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அவள் ஃப்ராவ் ஆவுடையப்பன். பேங்கில் ஃப்ராவ் ஆவுடையப்பன். ஃப்ராவ் என்றால் அம்மா, மேடம் மாதிரி. ஒரு பொம்பிளையை மேடம் அப்பன் என்று கூப்பிடுகிறார்கள். வீடு பிடித்தவுடன் வாசலில் அழைப்புமணியைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அங்கே மணிக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் தபால்காரன் கடிதம் போடமாட்டான். சின்னச் சதுரத்தில் ஆவுடையப்பன். கதவு நம்பர்கூடக் கிடையாது. அவர் பெயர்தான் கதவு.

போட்டோவுக்குக் கீழே “எங்க வீடு அத்தான்” என்று எழுதியிருந்தாள். எங்க வீடு!

வகுப்பில் டீச்சரிடம் கேட்டேன். மனைவியின் குடும்பப் பெயர் வேறாக இருந்தால் கணவனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. “பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு உங்க பாஸ்போர்ட் தெரியுமா சார்? மணியில இருக்கிற பேரைத்தான் சொல்லுவாங்க” என்றார். வகுப்பில் இருந்ததுகள் எல்லாம் இருபது இருபத்திரண்டு வயசு. அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் “ஹெர் ஆவுடையப்பன், குட்டன் மோர்கன்!” என்று காலை வணக்கம். ஹெர் என்றால் திருவாளர். திருவாளர் ஆவுடையப்பன். நான் உப்புப்போட்டுச் சாப்பிடுகிறவன் சார்.

முதல் தடவை விண்ணப்பத்தை நானே செல்போனில் போட்டேன். மனைவி பெயர் செண்பகவல்லி குற்றாலிங்கம் என்று போட்டேன். கல்யாணமான பொம்பிளைக்கு அதுதானே பெயர்? நாலு மாதம் கழித்து நிராகரித்துக் கடிதம் வந்தது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் பதிவில் இல்லையாம். பதிமூன்று வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் இல்லையாம். இதை அவர்களாக எழுதியிருப்பார்களா? பின்னால் இருந்து யார் ஓதிக்கொடுத்தது? தினமும் மகளோடு ஒருமணி நேரம் போனில் பேசியது யார்? நீங்கள் சொல்லுங்கள்.

அவளிடம் போனில் சொன்னேன். “உன் பேரை மாத்திரு. பாஸ்போர்ட்லயே மாத்திரு.”

“அத்தான், பேரை மாத்தினா நர்ஸிங் சர்டிபிகேட்டு, இங்க என் படிப்பை ஒத்துக்கிட்ட பேப்பரு, தங்குற அட்டை, எல்லாத்தையும் மாத்தணும். அந்த ஒரு பேப்பர் வாங்கவே பதினோரு மாசம் ஆச்சு.”

“மாத்து.”

“நடுவுல வேலை போயிரும் அத்தான்.”

“போகட்டும்.”

“என் வேலை போயிட்டா நீங்க எப்படி இங்க வருவீங்க?”

இப்படித்தான். ஒன்று சொன்னால் ஒன்று வைத்திருப்பாள். பேச்சில் அப்படியே அப்பனை உரித்து வைத்தவள்.

என்னைச் சமாதானப்படுத்த மணியில் இன்னொரு பெயரும் ஒட்டி மறுபடி போட்டோ அனுப்பினாள். குற்றாலிங்கம். எழுத்துப் பிழையில்லை, லிங்கம் இருந்தது. ஆனால் எங்கே ஒட்டியிருக்கிறாள்? கீழே. அவர் மேலே, நான் கீழே. காலடியில். “மேல இடம் இல்ல அத்தான், அது பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கு, வீட்டு ஓனர் போட்டது” என்றாள். பிளாஸ்டிக்கைக் கழற்ற முடியாதா? மனம் இருந்தால் நான் எரிந்துபோன மோட்டாரிலிருந்து காயிலையே உருவி எடுக்கிறேன்.

பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் என் பெயர்தான். நான்தான் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் குற்றாலிங்கம் வாயில் நுழையாமல் குட்டி, குட்டி என்று கூப்பிடுகிறார்களாம். டீச்சர்கூட. சிரித்துக்கொண்டே சொன்னாள். சரி, அது பிள்ளை. பிள்ளை கணக்கு வேறு.

போன ஜனவரியில் அவர் செத்துப்போனார்.

ஆமாம் சார், மாமனார்தான். பொங்கல் கழிந்து நாலாம் நாள், நெஞ்சுவலி. நீங்கள் ஏன் தட்டுவதை நிறுத்திவிட்டீர்கள்? செத்துப்போனால் எல்லாம் சரியாகிவிடுமா? காஸலில் மணியில் அவர் இன்னும் இருக்கிறார். பிளாஸ்டிக்குக்குள்.

அவளால் வர முடியவில்லை. அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள், அந்த நேரத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். போனில் அழுதாள். “அத்தான், அப்பாவ நல்லபடியா அனுப்பி வைங்க. எனக்காகச் செய்ங்க” என்றாள். செய்தேன். கொள்ளி அவர் அண்ணன் மகன் வைத்தான். மற்ற எல்லா வேலையும் நான்தான். பந்தல், ஐஸ்பெட்டி, தேர், வந்தவர்களுக்குக் காபி. ஒரு குறை கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸும் நான்தான் அடித்தேன். பஸ் ஸ்டாண்டு முனையில் ஒன்று, தெருமுனையில் ஒன்று. ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து பெயரைச் சொன்னேன். அவன் அடித்து முடித்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினான்.

“அண்ணே, ஒரு தடவை பாத்துருங்க. ஆடையப்பன்னு வருது. வு விட்டுப்போச்சோ?”

“சரியாத்தான் இருக்கு. அடி.”

“இல்லண்ணே, வாத்தியார் பேரு ஆவுடையப்பன்லா? எனக்கே அவர்தான் பாடம் எடுத்தாரு.”

“மருமகன் எனக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா? அடிலே.”

அடித்தான். எட்டடிக்கு ஆறடி. தமிழாசிரியர் ஆடையப்பன் அவர்கள் இயற்கை எய்தினார். சார், எனக்கு அவர் லிங்கத்தையே எடுத்தார். நான் ஒரே ஒரு எழுத்துதான் எடுத்தேன். அதுவும் குறில். நியாயம் என்றால் இதைவிட நியாயம் உண்டா?

மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், தெருமுனை ஃப்ளெக்ஸில் யாரோ மார்க்கரால் சின்னதாக ஒரு ‘வு’ எழுதி, இரண்டு எழுத்துக்கும் நடுவே அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். கோணல் எழுத்து. எட்டவில்லை போல, நாற்காலி போட்டு ஏறியிருக்க வேண்டும், கீழே மண்ணில் நாலு கால் பதிந்திருந்தது. வீட்டுக்குள் வந்தால் அத்தையின் விரலில் கறுப்பு மை. முந்தின நாள் தாலியைக் கழற்றின பொம்பிளை. காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செண்பகவல்லி போட்டோ எல்லாம் கேட்டாள். கடைசி முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். எல்லாம் அனுப்பினேன். ஃப்ளெக்ஸைத்தான் முதலில் அனுப்பினேன், மார்க்கர் ஏறுவதற்கு முன் எடுத்தது. பார்த்துவிட்டாள், இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. துக்கம், என்ன பதில் வரும்? அதிலிருந்து வீடியோவில் அவள் வருவதில்லை. பிள்ளை முகத்தை மட்டும் காட்டுகிறாள். அவள் குரல் பின்னால் கேட்கும், ஆள் வரமாட்டாள். ஷிப்டு மாறிவிட்டதாம். அந்த ஊர்க் குளிருக்கு முகமெல்லாம் வெடித்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன். அதனாலும் இருக்கும்.

ஆனாலும் இரண்டாவது தடவை விண்ணப்பிக்கப் பேப்பர் எல்லாம் அனுப்பி வைத்தாள். இதோ, இதுதான் அவள் கடிதம், இது வீட்டு வாடகைப் பத்திரம், இது சம்பளச் சீட்டு. கூடவே வாட்ஸப்பில் ஒரு செய்தி. வாசிக்கிறேன் கேளுங்கள். “இதுதான் கடைசி. மதிக்காகத்தான் அனுப்புறேன். என் பேரு என் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. இந்தத் தடவையும் மாத்திப் போட்டா இன்னொரு லெட்டர் நான் தர மாட்டேன். நீங்க வரவும் வேண்டாம்.” பொம்பிளைகள் இப்படித்தான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லுவார்கள். நாம் அதைப் பெரிதாக எடுக்கக் கூடாது.

இருந்தாலும் நானும் மனிதன்தானே. பிள்ளைக்கு இரண்டு பல் விழுந்து முளைத்துவிட்டது, இரண்டையும் நான் போனில்தான் பார்த்தேன். தமிழில் ‘ழ’ வரமாட்டேன் என்கிறது. “அப்பா, இங்க என் கட்டிலுக்குப் பக்கத்துல உன் செருப்பு வைக்க இடம் விட்டிருக்கேன்” என்கிறாள். திருநெல்வேலியில் ஏறி ரயிலில் வரும்போது கோவில்பட்டி தாண்டுகிறவரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். விருதுநகர் வந்தபோது முடிவுக்கு வந்துவிட்டேன். போகட்டும், பிள்ளைக்காக ஒரு தடவை விட்டுக்கொடுப்போம் என்று.

அடியுங்கள் சார். மனைவியின் குடும்பப் பெயர், ஆவுடையப்பன். வு போட்டே அடியுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அடித்தாயிற்றா? சரி. நெஞ்சு ஒன்றும் வெடிக்கவில்லை. அடுத்தது?

ஜெர்மனியில் தங்கப்போகிற முகவரி. அவள் கடிதத்திலேயே கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள், பார்த்து அப்படியே அடியுங்கள். தெருப் பெயர்... நம்பர்... நில்லுங்கள். அந்த முதல் வரியில் என்ன இருக்கிறது? கடிதத்தை இப்படிக் கொடுங்கள்.

பை ஆவுடையப்பன்.

உங்களுக்கு இதற்கு அர்த்தம் தெரியுமா? வழக்கமாக எல்லாரும் போடுவதுதான் என்கிறீர்கள். யார் வீட்டு மணியில் என்ன பெயரோ அதைப் போட்டால்தான் கடிதம் வரும் என்கிறீர்கள். நீங்கள் பார்த்து அடிக்கிறவர். நான் படித்தவன். அறுபத்தொன்று வாங்கியிருக்கிறேன். பை என்றால் நம் கடைப் பை இல்லை சார். பை என்றால் ‘இன்னார் வீட்டில்’. பாட்டி வீட்டில் இருக்கிறேன், டாக்டரிடம் இருக்கிறேன், அதற்கெல்லாம் பை போடச் சொல்லி டீச்சர் பத்து வாக்கியம் எழுத வைத்தார். குற்றாலிங்கம், பை ஆவுடையப்பன். குற்றாலிங்கம், ஆவுடையப்பன் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை! எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளையை இதைவிடக் கேவலமாகத் திட்ட வார்த்தை கிடையாது. அதுவும் செத்தவன் வீட்டில். அரசாங்கப் பேப்பரில். நானே பணம் கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு.

அழியுங்கள் அதை.

முழு வரியையும் அழியுங்கள். பை குற்றாலிங்கம் என்று போடுங்கள். பொருந்தாது என்று எனக்குத் தெரியும். மேலே போங்கள், அந்தக் கட்டத்துக்கு. மனைவியின் குடும்பப் பெயர். அதையும் அழியுங்கள். குற்றாலிங்கம். பாஸ்போர்ட்டில் வேறு இருக்கிறது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை சார், அது என் பெண்டாட்டி பாஸ்போர்ட். நான் சொல்வதை அடிக்கத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? போன தடவை தள்ளிவிட்டார்கள், ஆமாம். தள்ளட்டும். தள்ளுகிறவன் ஒவ்வொரு தடவையும் என் பெயரை வாசித்துவிட்டுத்தானே தள்ள வேண்டும்?

அனுப்புவதற்கு முன் சரிபார்க்க ஒரு பிரதி எடுத்துக்கொடுங்கள். நன்றி. தாள் சூடாக இருக்கிறது. மேலிருந்து கீழே பாருங்கள். எங்கேயாவது அந்த ஆள் இருக்கிறாரா? நான்தான் இருக்கிறேன். நாலு இடத்தில்.

இருங்கள், போன். பிள்ளைதான். வீடியோ. ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் பாருங்கள் அவளை.

“அப்பா! பேப்பர் குடுத்துட்டியா?”

“குடுக்கப் போறேன்டா மதி. அப்பா கடையில இருக்கேன். சாப்பிட்டியா?”

“ம். அப்பா, அம்மா கேக்கச் சொன்னா. பேரெல்லாம் சரியாப் போட்டாச்சான்னு.”

“சரியாப் போட்டாச்சுன்னு சொல்லு. தப்பில்லாமப் போட்டாச்சு.”

“அம்மா! சரியாப் போட்டாச்சாம்!”

பாருங்கள் சார், வருகிறாள். ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான் முகத்தைக் காட்டுகிறாள். இளைத்திருக்கிறாள்.

“நெசமாவா அத்தான்?”

“நெசந்தான்.”

“நீங்க செய்வீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. மதி நேத்தே உங்க அலமாரியை ஒழிச்சு வச்சிட்டா. காட்டுங்க, பாக்குறேன்.”

“இந்தா, பாரு. தெரியுதா? நல்லாப் பாரு. முதல் பக்கம்.”

“கிட்டக் காட்டுங்க.”

“தெரியுதா?”

“தெரியுது. ரெண்டாவது பக்கம்?”

“இந்தா.”

“அப்பா பேரு எங்கயுமே இல்லையே அத்தான்.”

“இல்ல.”

“சரி. மதி, நீ உள்ள போ. சரி அத்தான்.”

வைத்துவிட்டாள்.

கேட்டீர்களா சார்? சரி என்றாள். ஒன்று சொன்னால் ஒன்று வைத்திருப்பாளே, இன்றைக்கு ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை, அழுகை இல்லை, எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. எட்டு வருடம் ஆயிற்று அந்த ஒரு சரிக்கு. ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்? எதற்கு என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? அனுப்புகிற பொத்தானை அமுக்குங்கள் சார். அவளே சரி என்று சொல்லிவிட்டாள் அல்லவா, அமுக்குங்கள்.